வானொலி ஃபார்மட்: ஒரே சினிமாப் பாட்டு நிலையத்துக்கு நிலையம் ஏன் வேறாக ஒலிக்கிறது?

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ மொட்டைமாடியில் நின்று ஒரு எஃப்.எம். ரேடியோவை 87.5-லிருந்து 108 வரை மெதுவாகத் திருகிப் பாருங்கள். உள்ளூர்ச் சமுதாய வானொலி, அகில இந்திய வானொலி, அக்கரையிலிருந்து வரும் இலங்கைத் தமிழ் நிலையங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எல்லாவற்றிலும் பெரும்பகுதி சினிமாப் பாட்டுதான். பல சமயம் அதே பாட்டேதான். இருந்தும் நிலையத்தின் பெயரைச் சொல்லும் முன்பே எது எந்த நிலையம் என்று பழகிய காது கண்டுபிடித்துவிடும். அந்த வித்தியாசத்தை உண்டாக்குவதுதான் ஃபார்மட்.

இதைப் பற்றிப் பேச்சு நிறைய, விளக்கம் குறைவு. "அது குத்துப்பாட்டு ஸ்டேஷன், இது மெலடி ஸ்டேஷன்" என்பார்கள். "ஆர்.ஜே. தனக்குப் பிடிச்சதையே போடுறார்" என்பார்கள். "முன்ன மாதிரி இல்ல, கெடுத்துட்டாங்க" என்பார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் உண்மையான காரணம் மூன்றிலும் இல்லை. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பாட்டின் வகை வேறு, ஃபார்மட் வேறு

விசைப்படகு கரைக்கு வந்ததும் பிடிபட்டதைத் தரம் பிரிப்பார்கள். இறாலும் நண்டும் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகும். சூடை, சாளை கூடை வியாபாரிக்கு. சங்காயம் கோழித்தீவனத்துக்கு. கடல் ஒன்றுதான், வலையும் ஒன்றுதான். வாங்குகிறவர் அதை யாரிடம் கொண்டுபோய் விற்கப்போகிறார் என்பதை வைத்துத்தான் எந்தக் கூடையில் எது விழும் என்பது முடிவாகிறது.

தமிழ் வானொலிக்கு அந்த ஒரே வலை, சினிமாப் பாட்டு. நிலையங்கள் எல்லாமே அதிலிருந்துதான் எடுக்கின்றன. எந்த வயதுக்காரர், எந்த நேரத்தில், என்ன வேலை செய்துகொண்டே கேட்கிறார் என்று முதலில் முடிவு செய்து, அவருக்கு ஏற்றபடி பாட்டு, பேச்சு, தகவல், விளம்பரம் நான்கையும் என்ன அளவில், என்ன வரிசையில் தருவது என்று வகுத்துக்கொள்ளும் நிலையான திட்டத்துக்குப் பெயர்தான் ஃபார்மட்.

இங்கே குழப்பம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தக் கருத்து பிறந்தது அமெரிக்காவில். 1950-களின் தொடக்கத்தில் ஒமாஹா நகரத்து கே.ஓ.டபிள்யூ.எச். நிலையத்தை நடத்திய டாட் ஸ்டார்ஸ் என்பவர், காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸ் இயந்திரங்களில் மக்கள் மறுபடி மறுபடி அதே சில பாட்டுகளுக்கே காசு போடுவதைக் கவனித்து, நிலையத்திலும் குறைந்த பாட்டுகளை அடிக்கடி போடும் முறையைக் கொண்டுவந்தார். 'டாப் 40' என்று பிறகு உலகம் முழுக்கப் பரவியது இதுதான். நாடகமும் தொடரும் டி.வி.க்குப் போய்விட்ட காலம் அது. காலியான நேரத்தை இசைத்தட்டுதான் நிரப்ப வேண்டியிருந்தது. அங்கே கன்ட்ரி, ராக், ஜாஸ் என்று இசை வகைக்கு ஒரு நிலையம் உருவானதால், ஃபார்மட் என்றாலே இசை வகை என்று எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது.

தமிழில் அப்படிப் பிரிக்க முடியாது. ஒரே படத்தில் ஒரு குத்து, ஒரு மெலடி, ஒரு தாலாட்டு இருக்கும். ஆகவே இங்கே நிலையங்களைப் பிரிப்பவை வேறு நான்கு: பாட்டு வந்த காலம், வேகம், பேச்சுக்கும் பாட்டுக்கும் உள்ள விகிதம், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஒரு பாட்டு திரும்பி வருகிறது என்பது. இந்த நாலாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நிலையத்தின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அதுதான்.

ஒரு மணி நேரம் எப்படிக் கட்டப்படுகிறது

நிலையத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரைபடம் இருக்கும். வட்டமாகக் கடிகாரம் வரைந்து, எந்த நிமிடத்தில் என்ன என்று துண்டு போட்டிருப்பார்கள். இதற்கு 'கிளாக்' என்று பெயர். புரிந்துகொள்வதற்காக ஒரு மாதிரிக் கணக்கு: சராசரியாக நாலேகால் நிமிடப் பாட்டுகள் 9 என்றால் ஏறக்குறைய 38 நிமிடம். விளம்பரம் 4 நிமிடமாக மூன்று இடைவேளை, மொத்தம் 12. பேச்சு 8. நிலையப் பெயரைப் பாடும் ஜிங்கிள்களுக்கு 2. கூட்டினால் 60.

இந்த 9 பாட்டும் ஒரே தொட்டியிலிருந்து வருவதில்லை. மூன்று தொட்டிகள் வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். 'அ' தொட்டியில் இப்போது ஊரே பாடும் புதுப்பாட்டுகள், மணிக்கு 3. 'ஆ' தொட்டியில் சில மாதம் முன்பு ஓடி இன்னும் சலிக்காதவை, மணிக்கு 2. 'இ' தொட்டியில் பழகிப்போன பழைய பாட்டுகள், மணிக்கு 4. மணிக்கு அ 3, இ 4 என்பதை அ 1, இ 6 என்று மாற்றினால் போதும். அதே பாட்டுகளை வைத்துக்கொண்டே அது வேறு நிலையமாகிவிடும். குத்து ஸ்டேஷன், மெலடி ஸ்டேஷன் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த விகிதத்தைத்தான்.

சுழற்சி: 8 பாட்டு வைத்தால் ஏன் கெடும், 7 வைத்தால் ஏன் சரியாகும்

ஒரு தொட்டியில் உள்ள பாட்டுகள் முழுவதும் ஒருமுறை ஓடி முதல் பாட்டு திரும்பி வர ஆகும் நேரத்தைச் சுழற்சி என்கிறோம். கணக்கு எளிது: தொட்டியில் உள்ள பாட்டுகளின் எண்ணிக்கையை மணிக்கு எத்தனை இடம் என்பதால் வகுக்க வேண்டும்.

'இ' தொட்டியில் 400 பாட்டு, மணிக்கு 4 இடம் என்றால் 100 மணி நேரம். ஒரு பாட்டு திரும்பி வர 4 நாளுக்கு மேல் ஆகும். 'ஆ'வில் 20 பாட்டு, மணிக்கு 2 என்றால் 10 மணி நேரம். இவற்றில் பெரிய தொல்லை இல்லை.

'அ' தொட்டியில்தான் ஆபத்து. அதில் 8 பாட்டு வைத்து மணிக்கு 3 வீதம் போட்டால் ஒவ்வொன்றும் 2 மணி 40 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 24 மணி நேரத்தில் 'அ' பாட்டுக்கு 72 இடங்கள். 72-ஐ 8-ஆல் வகுத்தால் 9, மீதி இல்லை. மீதி இல்லாததால் இன்று காலை 5 மணிக்கு வந்த அதே 3 பாட்டு நாளையும் 5 மணிக்கே வரும், மறுநாளும் வரும். ஏலக்கூடத்தில் தினமும் 5-லிருந்து 6 வரை மட்டும் ரேடியோ கேட்கும் ஒரு வியாபாரிக்கு, மற்ற 5 புதுப்பாட்டு இருப்பதே தெரியாமல் போகும். "வேற பாட்டே இல்லையா இவங்ககிட்ட?" என்று அவர் கேட்பது நியாயம்தான்.

ஒரே ஒரு பாட்டை எடுத்துவிட்டு 7 ஆக்குங்கள். 72-ல் 7 பத்து முறை போக 2 மீதி. அந்த மீதி 2, வரிசையை ஒவ்வொரு நாளும் இரண்டு இடம் தள்ளிவிடும். முதல் நாள் 5 மணிக்கு 1, 2, 3-ஆம் பாட்டுகள். இரண்டாம் நாள் 3, 4, 5. மூன்றாம் நாள் 5, 6, 7. நாலாம் நாள் 7, 1, 2. பாட்டுகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, ஆனால் அந்த வியாபாரியின் காதுக்கு வகை கூடியிருக்கிறது. சிறிய நிலையங்கள் புதிதாகத் தொடங்கும்போது தவறாமல் சறுக்குகிற இடம் இது. இன்னும் நிறையப் பாட்டு சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்து 9 ஆக்குவார்கள். 72-ஐ 9-உம் மீதியின்றி வகுக்கும். குறை அப்படியே இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஃபார்மட் என்பது யாருக்கு, எப்போது, என்ன விகிதத்தில் என்ற திட்டம். கிளாக் அந்தத் திட்டத்தின் ஒரு மணி நேர வடிவம். சுழற்சி, ஒரு பாட்டு எத்தனை நேரத்தில் திரும்பும் என்ற கணக்கு.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது யார்

பெரும்பாலான வணிக நிலையங்களில் ஆர்.ஜே. அல்ல. இசைப் பொறுப்பாளர் ஒருவர் தொட்டிகளை நிரப்புகிறார். அட்டவணை போடும் மென்பொருள் வரிசையை உருவாக்குகிறது. அவர் அதைக் கையால் திருத்துகிறார். ஆர்.ஜே. திரையில் வரும் பட்டியலைப் பார்த்துப் பேசுகிறார். நேயர் விருப்பத்தில்கூடப் பல இடங்களில், வரப்போகும் பாட்டை விரும்பிக் கேட்டவரின் அழைப்பைத் தேடி அதற்கு முன்னால் சேர்ப்பதுதான் வழக்கம்.

மென்பொருளுக்குத் தீனி, ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதி வைக்கும் விவரக்குறிப்பு. படம், ஆண்டு, இசையமைப்பாளர், ஆண் குரல், பெண் குரல், வேகம் (1 முதல் 5 வரை), மனநிலை, குரல் தொடங்கும் முன் எத்தனை விநாடி இசை, முடிவு தேய்ந்து முடிகிறதா சட்டென்று நிற்கிறதா. குரலுக்கு முன் 18 விநாடி இசை இருந்தால் ஆர்.ஜே. 16 விநாடி பேசலாம். குறிப்பில் 28 என்று தவறாக இருந்தால் பாடகரின் முதல் வரி மேலேயே பேசிவிடுவார்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு மென்பொருளில் 'ஒரே கலைஞரின் பாட்டு ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி வரக்கூடாது' என்று விதி இருக்கும். நம்மிடம் கலைஞர் என்றால் யார்? பாடியவரா, இசையமைத்தவரா, திரையில் வாயசைத்தவரா? 1980-களின் பாட்டுகளை மட்டும் போடும் இரவு நேரத்தில் இளையராஜா என்ற பெயரையும் எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்ற பெயரையும் ஒரு மணி நேரம் விலக்கி வைத்தால், போடுவதற்குப் பாட்டே மிஞ்சாது. ஆகவே அந்த நேரத்துக்கு விதியைத் தளர்த்தி, 'ஒரே படம் 6 மணி நேரத்துக்குள் வேண்டாம், ஒரே ஜோடிக் குரல் அடுத்தடுத்து வேண்டாம்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பொதுவான பிழை, எழுத்துக்கூட்டல். ஒரே படத்தின் பெயரை இரண்டு பேர் ஆங்கில எழுத்தில் இரண்டு விதமாக உள்ளிட்டுவிட்டால், மென்பொருளுக்கு அது இரண்டு படம், இரண்டு பாட்டு. இருபது நிமிட இடைவெளியில் அதே பாட்டு திரும்ப வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். நூலகத்தைப் பாட்டின் நீளத்தை வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தால், விநாடி பிசகாமல் ஒரே நீளமுள்ள இரட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அவற்றைக் கேட்டுப் பார்த்து ஒன்றை நீக்கினால் முடிந்தது.

பொழுதுகள்: கரையின் நேரம் நகரத்தின் நேரம் அல்ல

ஒரு நாளைக் கேட்பவரின் வாழ்க்கைக்கு ஏற்றபடி துண்டுகளாகப் பிரிப்பதைப் 'பொழுதுப் பிரிவு' என்று சொல்லலாம். நகரத்து நிலையங்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 9 வரையும்தான் முக்கியம். அலுவலகத்துக்குப் போவோரும் வருவோரும் வண்டியில் கேட்கும் நேரம் அது.

ராமநாதபுரம் கரையில் அந்த அட்டவணையை அப்படியே ஒட்டினால் பொருந்தாது. ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் கடலுக்குப் போகும். போனால் மறுநாள் காலையில்தான் கரை. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஆகவே இங்கே வாரத்தின் ஏழு நாளும் ஒரே மாதிரி நாள் இல்லை. படகு வரும் விடியலில் ஏலக்கூடத்தில் கூட்டம். படகு போகாத நாளில் அதே நேரத்தில் வலை பழுது பார்ப்பவர்கள் நிதானமாகக் கேட்பார்கள். ஒன்றுக்கு வேகமும் குறுகிய தகவலும் வேண்டும். மற்றதற்கு நீண்ட பேச்சும் பழைய பாட்டும் பொருந்தும். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கிளாக், சனி ஞாயிறுக்கு ஒரு கிளாக் என்ற நகர வழக்கத்துக்குப் பதிலாக, படகு நாள் கிளாக், படகில்லாத நாள் கிளாக் என்று இரண்டு வைத்துக்கொள்வதே இங்கே அறிவுக்குப் பொருத்தம்.

ஆண்டிலும் ஒரு பிளவு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளிகள் கரையில் இருப்பார்கள். கேட்கும் நேரம் பகலுக்கு மாறும். பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் வீட்டில் குழந்தைகளும் கேட்பார்கள். கையில் பணம் இல்லாத காலம் என்பதால் கடை விளம்பரமும் குறையும், காலியான நிமிடங்களைப் பேட்டியாலும் பாட்டாலும் நிரப்ப வேண்டிவரும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ரமலான் மாதத்தில் நள்ளிரவுக்குப் பின் சஹர் (நோன்பு தொடங்கும் முன் விடியலில் உண்ணும் உணவு) நேரம் வரை விழித்திருக்கும் நேயர்கள் கூடுவார்கள். வழக்கமாக யாரும் கேட்காதது என்று பதிவு செய்த பாட்டுகளை ஓடவிடும் நேரம் அது. அந்த ஒரு மாதம் மட்டும் ஆள் உட்கார வேண்டிய பொழுதாகிறது.

படகில் கேட்பவருக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. எஞ்சின் இரைச்சலில் மெல்லிய முன்னிசை காணாமல் போகும். அரை நிமிடம் புல்லாங்குழல் மட்டும் ஒலிக்கும் பாட்டு அங்கே அரை நிமிட மௌனம். காற்று, அலை உயரம் போன்ற தகவலை அந்த மென்மையான இசையின் மேல் படிக்காமல், இசையை நிறுத்திவிட்டு, எண்களை இரண்டு முறை, நிதானமாகச் சொல்ல வேண்டும். பாம்பனிலிருந்து 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 போன்ற மீனவர் சமுதாய வானொலியில் பாட்டு, தகவலுக்கு இடையில் வருவது. நகர நிலையத்தில் தகவல், பாட்டுக்கு இடையில் வருவது. விகிதம் தலைகீழாக இருப்பதால் ஃபார்மட்டும் வேறு.

சட்டம் கூட ஒரு ஃபார்மட்டை உருவாக்கும்

இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமில்லாமல் மறுஒலிபரப்புச் செய்யலாம், அவ்வளவே. இலங்கையில் சூரியன், சக்தி போன்ற தனியார் தமிழ் நிலையங்கள் சொந்தச் செய்தி தருகின்றன. அதனால்தான் அக்கரை நிலையங்களில் பாட்டுக்கு நடுவே செய்தி இயல்பாக வந்துபோகிறது, நம் பக்கத்துத் தனியார் நிலையங்களில் அந்த இடத்தைச் சினிமாப் பேச்சும் கேலி அழைப்புகளும் போட்டிகளும் பிடித்துக்கொள்கின்றன. ஆர்.ஜே.க்கள் விளையாட்டுப் பிள்ளைகள் என்பதல்ல காரணம். அவர்கள் வாயில் செய்தியை வைக்கச் சட்டம் விடவில்லை.

சமுதாய வானொலிக்கு வேறு விதிகள். ஒலிபரப்பு வலிமை பொதுவாக 100 வாட்டுக்குள். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்களிப்போடு உருவாக வேண்டும். விளம்பரம் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் கூடாது (2024-க்கு முன் 7). பாதி உள்ளூர் நிகழ்ச்சி என்ற விதி இருக்கும்போது 24 மணி நேரமும் பாட்டு மட்டும் போடும் நிலையமாக அது மாறவே முடியாது.

அகில இந்திய வானொலியின் வழக்கமான அமைப்பு இன்னொரு வகை. அரை மணி நேரம் விவசாயம், கால் மணி நேரம் செய்தி, ஒரு மணி நேரம் கர்நாடக இசை என்று கட்டம் கட்டமாக வரும். இதைக் 'கட்ட ஒலிபரப்பு' என்று கொள்ளலாம். எந்த நிமிடம் திறந்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கும் வணிக நிலையத்தின் முறை 'ஓட்ட ஒலிபரப்பு'. கட்ட ஒலிபரப்பை நேரம் பார்த்துத் திறந்து கேட்பார்கள். ஓட்ட ஒலிபரப்பு திறந்தபடியே கிடக்கும். ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளந்து "போர் அடிக்கிறது" என்றோ "ஆழமே இல்லை" என்றோ சொல்வது சரியாகாது.

அக்கரை நிலையங்கள் இங்கே இவ்வளவு தெளிவாகக் கேட்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எஃப்.எம். அலை ஏறக்குறைய பார்வைக்கோட்டில்தான் போகும். கம்பத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் எட்டும் தூரம் வரும். 100 மீட்டர் கம்பம் என்றால் 41 கிலோமீட்டர். நடுவில் மலையோ கட்டடமோ இல்லாத கடல் அந்தத் தூரத்தை முழுதாகக் கொடுக்கும். காற்று அடங்கிய வெப்பகால இரவுகளில் கடல்மேல் காற்றின் வெப்ப அடுக்குகள் அலையை வளைத்து இன்னும் வெகுதூரம் கொண்டுவந்துவிடும். அப்போது ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதினால், எஃப்.எம். ரேடியோ வலுவானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை முழுதாக விட்டுவிடும். பாட்டின் நடுவே சட்டென்று வேறு பாட்டு வரும். "நேத்து ராத்திரியிலிருந்து ஸ்டேஷன் மாறிப்போச்சு" என்று இந்தக் கரையில் வரும் புகார்களில் ஒரு பகுதி இதுதான். நிலையம் மாறவில்லை, கேட்பது வேறு நிலையம். மறுநாள் பகலில் கேட்டால் பழையது இருக்கும்.

மெதுவாக நடக்கும் மாற்றம்

ஃபார்மட் மாறுவது பெரும்பாலும் யாரும் அறிவிக்காமலேயே நடக்கிறது. நிலையம் கொள்கையை மாற்றாமல் இருந்தாலே போதும், ஒலி மாறிவிடும்.

ஒரு நிலையம் 35 வயதுக்காரரைத் தன் நேயராக வைத்திருக்கிறது என்று கொள்வோம். மனிதர்களுக்கு மனத்தில் ஆழமாகத் தங்கும் பாட்டு பெரும்பாலும் 15-லிருந்து 25 வயதுக்குள் கேட்டது. 2005-ல் 35 வயதானவர் 1970-ல் பிறந்தவர். அவருடைய பாட்டுக்காலம் 1985 முதல் 1995 வரை: இளையராஜாவின் பொற்காலமும் 1992-ல் வந்த ஏ.ஆர். ரகுமானின் தொடக்கமும். 2025-ல் 35 வயதானவர் 1990-ல் பிறந்தவர். அவருடைய பாட்டுக்காலம் 2005 முதல் 2015 வரை. யுவன் சங்கர் ராஜாவும் ஹாரிஸ் ஜெயராஜும் அவருக்குப் 'பழைய இனிய பாட்டு'. நிலையத்தின் இலக்கு 35 என்பதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இரவு மெலடி நேரம் மட்டும் இருபது ஆண்டு நகர்ந்துவிட்டது.

1992-ல் வந்த ரகுமான் பாட்டுக்கு 2025-ல் 33 வயது. அந்தப் பாட்டு வந்த அதே 1992-ல் 33 வருடப் பழைய பாட்டு என்றால் 1959-ஐச் சேர்ந்தது, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் காலம். அன்றைய இளைஞர் அதை எவ்வளவு தூரத்துப் பாட்டாக நினைத்தாரோ அதே தூரத்தில் இன்று 'புதிய அலை' ரகுமான் இருக்கிறார். "கெடுத்துட்டாங்க" என்று வருந்துபவர்களின் வருத்தம் உண்மையானது. அவர்கள் இலக்கு வயதைத் தாண்டிவிட்டார்கள், நிலையம் அவர்களோடு சேர்ந்து வயதாகவில்லை. சேர்ந்து வயதாகிற நிலையமும் உண்டு. அதற்கு விளம்பரதாரர் ஆர்வம் குறையும், ஆனால் அந்த நேயர்கள் எளிதில் விட்டுப் போகமாட்டார்கள்.

திடீர் மாற்றம்

போட்டி, உரிமையாளர் மாற்றம், விளம்பரச் சரிவு. இவற்றில் ஒன்று வந்தால் நிலையம் ஒரே நாளில் தோலை உரிப்பதும் உண்டு. பாட்டு மாறும், பெயர் மாறும், குரல்கள் மாறும். இதற்கு அரசின் அனுமதி தேவையா என்ற கேள்வி அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. நேயர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், நிலையத்தின் இசைத் தேர்வைச் சந்தைக்கு விட்டுவிடலாம் என்ற அந்நாட்டு ஒலிபரப்பு ஒழுங்காற்று ஆணையத்தின் நிலைப்பாட்டை 1981-ல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலும் தனியார் உரிமம் இந்தப் பாட்டைத்தான் போட வேண்டும் என்று கட்டுவதில்லை.

நம் வானொலி வரலாற்றில் மிகப் பெரிய ஃபார்மட் மாற்றம் இந்தக் கடலோடு தொடர்புடையது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தாழ்வாகக் கருதினார். அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தது. கேட்பவர்கள் பாட்டைக் கைவிடவில்லை, ரேடியோவின் முள்ளைத்தான் வேறு நிலையத்துக்கு நகர்த்தினார்கள். 1950-லேயே வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்த ரேடியோ சிலோன் இந்தியா முழுக்க நேயர்களை அள்ளியது. அதன் தமிழ்ச் சேவையில் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அடுத்தடுத்த தலைமுறைக் குரல்கள் இந்தப் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு தெரிந்தவையாயின. கடைசியில் அகில இந்திய வானொலி இறங்கிவந்து 1957 அக்டோபர் 3 அன்று விவித்பாரதியைத் தொடங்கியது. சினிமாப் பாட்டையே மையமாக வைத்த தனிச் சேவை அது. 1967-ல் அதில் விளம்பரமும் வந்தது. மக்கள் கேட்காமல் விட்டுப்போனதால்தான் ஓர் அரசு நிறுவனத்தின் ஃபார்மட்டே மாறியது. எழுதிய புகார்களால் அல்ல.

சிறிய அளவில் மாற்றம் செய்யும் நிலையங்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, பாட்டையும் குரலையும் ஒரே வாரத்தில் மாற்றுவது. பழகிய குரல் இருந்தால் நேயர் புதுப்பாட்டைப் பொறுத்துக்கொள்வார், பழகிய பாட்டு இருந்தால் புதுக்குரலைப் பொறுத்துக்கொள்வார். இரண்டும் போனால் பிடிமானம் இல்லை. மற்றது, போன் செய்கிறவர்களையே மொத்த நேயராக நினைப்பது. விருப்பம் கேட்டு அழைப்பவர்கள் ஒரு சிறு கூட்டம், அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஏலக்கூடத்திலும் டீக்கடையிலும் கேட்பவர் அழைப்பதே இல்லை. பெருநகரங்களிலேயே அளவெடுப்பு குறைவு: வானொலி நேயர்களை அளந்த ஆர்.ஏ.எம். முறை டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தாவோடு நின்றது, சென்னைக்குக்கூட வரவில்லை. கடற்கரை ஊரில் நேரில் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இப்போது நடந்துகொண்டிருக்கும் மாற்றம் செல்போனால் வந்தது. கேட்ட பாட்டு கேட்ட நொடியில் கையில் கிடைக்கும்போது, பாட்டை மட்டும் நம்பும் நிலையம் தாக்குப்பிடிக்காது. போனில் கிடைக்காதவை இவை: நம் ஊர்ப் பெயரைச் சொல்லும் குரல், இன்றைய கடல் நிலை, படகு கடலுக்குப் போக இன்று அனுமதி டோக்கன் உண்டா இல்லையா என்ற தகவல். ஆகவே பேச்சின் விகிதம் மெல்ல உயர்கிறது. இதற்கிடையே எஃப்.எம். வசதி இல்லாத போன்கள் பெருகியதால், பேரிடர்க் காலத் தேவையைக் காட்டி அந்த வசதியை விடக்கூடாது என்று 2023-ல் மத்திய அரசு போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. புயலில் இணையம் அறுந்தாலும் எஃப்.எம். அலை வரும் என்பதைக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்களே கண்டுபிடிக்க

ஒரு நிலையத்தின் ஃபார்மட்டை அறிய ஒரு தாளும் பேனாவும் போதும். விடியற்காலை ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம் கேளுங்கள். வரும் ஒவ்வொரு பாட்டுக்கும் நேரம், படம், தோராயமான ஆண்டு, வேகம் என்று நாலு பத்தி எழுதுங்கள். பேச்சும் விளம்பரமும் எத்தனை நிமிடம் என்பதைத் தனியாகக் குறியுங்கள்.

ஆண்டுகளை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள். அந்த ஆண்டில் 20 வயதாக இருந்தவருக்கு இன்று என்ன வயதோ, ஏறக்குறைய அதுதான் நிலையம் குறிவைக்கும் வயது. அதே மூன்று மணி நேரத்தை மறுநாளும் கேட்டு, எந்தப் பாட்டுகள் இரண்டு நாளும் வந்தன என்று பாருங்கள், அவைதான் 'அ' தொட்டி. அவை இரண்டு நாளும் அதே நேரத்தில் வந்திருந்தால் சுழற்சிக் கணக்கில் பிழை இருக்கிறது. சமுதாய வானொலி என்றால் அந்தத் தாளை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். "பாட்டு சரியில்லை" என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. "காலை 5 மணியிலிருந்து 6 மணிக்குள் இந்த மூன்று பாட்டும் தினமும் வருகிறது" என்றால் அன்றைக்கே ஒரு பாட்டை எடுத்துவிடுவார்கள்.